1547-ஐ 'ஆயிரத்து ஐந்நூற்று நாற்பத்தேழு' என்று பைத்தானைச் சொல்ல வைப்பது எப்படி?

கேள்வி இதுதான்: "பைத்தான் கற்க ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. பயிற்சிக்காக ஒரு ரசீது அச்சடிக்கும் நிரல் எழுதுகிறேன். மொத்தத் தொகையை எழுத்தாலும் போட வேண்டும். எண்ணை ஸ்ட்ரிங்காக மாற்றினால் மறுபடியும் 1547 என்றேதான் வருகிறது. ஆயிரத்து ஐந்நூற்று நாற்பத்தேழு ரூபாய் என்று தமிழில் வர என்ன செய்வது?"

முதலில் ஒரு சிக்கலைப் பிரித்துவிடுவோம். "எண்ணை எழுத்தாக மாற்றுவது" என்று தமிழில் சொல்லும்போது மூன்று வேறு வேலைகளுக்கு ஒரே பெயரை வைத்துவிடுகிறோம். பைத்தானில் அவை மூன்றும் மூன்று தனி ஃபங்ஷன்கள். அதில் மூன்றாவது பைத்தானோடு வருவதே இல்லை. நீங்கள் கேட்பது அந்த மூன்றாவது.

முதல் வேலை, எண் என்ற வகையை ஸ்ட்ரிங் என்ற வகையாக மாற்றுவது. பாடப்புத்தகத்தில் சரம் என்று போட்டிருப்பார்கள். நீங்கள் செய்ததும் இதுதான். 1547 என்ற எண்ணுக்கும், மேற்கோள் குறிக்குள் இருக்கும் '1547'-க்கும் திரையில் வித்தியாசம் தெரியாது. ஆனால் முதலாவதில் ஒன்றைக் கூட்டினால் 1548 வரும். இரண்டாவது, ஒன்று, ஐந்து, நான்கு, ஏழு என்ற நான்கு வடிவங்களின் வரிசை, அவ்வளவே. '5' என்ற ஸ்ட்ரிங்கோடு '5' என்ற ஸ்ட்ரிங்கைக் கூட்டினால் '55' கிடைக்கும். '5'-ஐ மூன்றால் பெருக்கினால் 15 வராது, '555' வரும். பயனரிடம் கேட்டு வாங்கும் இன்புட் எப்போதும் ஸ்ட்ரிங்காகவே வருவதால், புதிதாக எழுதுபவர்கள் எல்லோருமே ஒருமுறையாவது இதில் விழுந்து எழுகிறார்கள்.

எண்ணையும் ஸ்ட்ரிங்கையும் கூட்டச் சொன்னால் பைத்தான் மறுத்து டைப் எரர் காட்டும். ஜாவாஸ்கிரிப்ட் இப்படி மறுக்காது, தானாகவே எண்ணை ஸ்ட்ரிங்காக்கி ஒட்டிவிடும். ஆரம்பத்தில் அது வசதியாகத் தோன்றும். ஆனால் தவறான கணக்கை அமைதியாக அச்சடிக்கும் மொழியைவிட, முகத்துக்கு நேரே "இது முடியாது" என்று சொல்லும் மொழிதான் கற்பவருக்கு நல்லது என்பேன். இந்த வேலைக்கு இப்போது பெரும்பாலானோர் எஃப்-ஸ்ட்ரிங்கைத்தான் பயன்படுத்துகிறார்கள். 2016 கடைசியில் வந்த 3.6 பதிப்பிலிருந்து இருக்கிறது. மேற்கோள் குறிக்கு முன்னால் எஃப் எழுத்து, உள்ளே வளைவு அடைப்புக்குறிக்குள் மாறியின் பெயர், முடிந்தது.

இரண்டாவது வேலை, ஒரு யூனிகோடு எண்ணுக்கு உரிய எழுத்தைத் தருவது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் ஆளுக்கொரு எண் கொடுத்திருக்கும் பொதுப் பட்டியல்தான் யூனிகோடு. சி-ஹெச்-ஆர் என்ற ஃபங்ஷனுக்கு 2949 கொடுத்தால் 'அ' வரும். 1547 கொடுத்தால் அந்த எண்ணில் உட்கார்ந்திருக்கும் வேறு ஏதோ குறி வரும். "எண்ணை எழுத்தாக" என்று தேடிக்கொண்டு போய் இதில் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு இது வேண்டாம்.

மூன்றாவது, எண்ணுப்பெயரைச் சொல்லாக எழுதுவது. ரசீதுக்கும் காசோலைக்கும் வேண்டியது இதுதான். சும்மா அழகுக்காக வந்த வழக்கம் இல்லை இது. இந்தியாவில் 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், காசோலை போன்றவற்றில் இலக்கத்தில் எழுதிய தொகையும் எழுத்தில் எழுதிய தொகையும் வேறுபட்டால் எழுத்தில் இருப்பதையே தொகையாகக் கொள்ள வேண்டும் என்று 18-ஆம் பிரிவில் சொல்கிறது. இலக்கத்தில் ஒரு சுழியைச் சேர்ப்பது எளிது. 'ஐந்நூறு' என்பதை 'ஐயாயிரம்' ஆக்குவது அவ்வளவு எளிதல்ல.

சரி, வேலைக்கு வருவோம். முழு நிரலையும் இங்கே ஒட்டப் போவதில்லை. ஒட்டினால் நகலெடுப்பீர்கள், பயிற்சி போய்விடும். வழியைச் சொல்கிறேன், தட்டச்சு உங்களுடையது.

ஆங்கிலத்துக்காக எழுதிய நிரல்களைப் பார்த்து அப்படியே தமிழுக்கு மாற்றுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஒன்று முதல் ஒன்பது வரை ஒரு லிஸ்ட், பத்து, நூறு, ஆயிரம் என்று ஒரு லிஸ்ட், இடத்துக்கு ஏற்றபடி எடுத்து ஒட்டு. வந்தது "ஒன்று ஆயிரம் ஐந்து நூறு நான்கு பத்து ஏழு". பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் படித்துவிட்டு, "என்ன தம்பி, வாய்ப்பாடு ஒப்பிக்கிறதா உன் கம்ப்யூட்டர்?" என்றார். கணக்கு சரி, தமிழ் சரியில்லை.

காரணம் இதுதான். ஆங்கில எண்ணுப்பெயர் பின்னால் எது வந்தாலும் உருமாறாது. தமிழில் மாறும். தனியாக நின்றால் 'ஆயிரம்', பின்னால் ஏதாவது வந்தால் 'ஆயிரத்து'. தனியாக 'நூறு', பின்னால் வந்தால் 'நூற்று'. தனியாக 'நாற்பது', பின்னால் வந்தால் 'நாற்பத்து'. ஆகவே ஒவ்வொரு எண்ணுப்பெயருக்கும் இரண்டு வடிவம் வேண்டும். நிற்கும் வடிவம் ஒன்று, இணையும் வடிவம் இன்னொன்று. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் பாதி நிரல் முடிந்த மாதிரி.

இரண்டு வடிவத்துக்கும் தனித்தனி லிஸ்ட் எழுதலாம். எழுதத் தேவையில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம். நிற்கும் வடிவங்களின் கடைசியைப் பாருங்கள். இருபது முதல் எண்பது வரை எல்லாம் 'து' என்று முடிகின்றன. தொண்ணூறு, நூறு முதல் எண்ணூறு வரை 'று' என்று முடிகின்றன. தொள்ளாயிரம், ஆயிரம், லட்சம் ஆகியவை 'ம்' என்று முடிகின்றன. கோடி மட்டும் தனி. யூனிகோடில் 'து', 'று', 'ம்' மூன்றுமே இரண்டிரண்டு குறியீடுகள். 'து' என்பது த-வும் உகரக் குறியும். 'ம்' என்பது ம-வும் புள்ளியும். எனவே:

இணைவடிவம்(சொல்):
    'கோடி' என்று முடிந்தால்: சொல்லோடு 'யே' சேர்
    'று' என்று முடிந்தால்: கடைசி இரண்டு குறியீட்டை வெட்டி 'ற்று' சேர்
    மற்றவற்றுக்கு: கடைசி இரண்டு குறியீட்டை வெட்டி 'த்து' சேர்

இருபது, 'இருப' ஆகி, 'இருபத்து' ஆகிறது. தொண்ணூறு 'தொண்ணூற்று' ஆகிறது. தொள்ளாயிரம் 'தொள்ளாயிரத்து' ஆகிறது. மூன்றே வரி.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பைத்தான் எண்ணுவது நம் எழுத்துகளை அல்ல, யூனிகோடு குறியீடுகளை. 'இருபத்து' நம் கணக்கில் ஐந்து எழுத்து: இ, ரு, ப, த், து. பைத்தானிடம் நீளம் கேட்டால் எட்டு என்று சொல்லும். மற்ற இடங்களில் இது தொல்லை. நமக்கு இப்போது இதுவே உதவி, ஏனென்றால் உயிர்மெய்யிலிருந்து உயிரை மட்டும் உரித்தெடுக்க முடிகிறது. அடுத்த வேலைக்கு அதுதான் வேண்டும்.

நாற்பத்து + ஏழு = நாற்பத்தேழு. பள்ளியில் படித்தோமே, உயிர் வந்தால் உகரம் மெய்யை விட்டு ஓடும், அப்புறம் உடல்மேல் உயிர் வந்து ஒன்றும் என்று. அதை நிரலில் எழுதினால் இப்படி இருக்கும்: முதல் சொல்லின் கடைசிக் குறியீட்டை, அதாவது உகரக் குறியை, வெட்டு. இரண்டாவது சொல்லின் முதல் எழுத்தான உயிரை எடுத்து, அதற்குரிய துணைக்குறியாக மாற்று. பிறகு மிச்சத்தை ஒட்டு. 'நாற்பத்து' என்பதில் உகரம் போனால் 'நாற்பத்த'. 'ஏ' என்பதற்கு உரியது இரட்டைக்கொம்பு. மிச்சம் 'ழு'. சேர்ந்தால் 'நாற்பத்தேழு'. இலக்கணத்தில் இரண்டு விதி, நிரலில் ஒரு வரி.

உயிரிலிருந்து துணைக்குறிக்குப் போக ஒரு டிக்‌ஷனரி வேண்டும். பன்னிரண்டு உயிருக்கும் எழுத வேண்டியதில்லை. ஒன்று முதல் ஒன்பது வரையிலான பெயர்களில் முதலில் நிற்கும் உயிர்கள் ஒ, இ, ஐ, ஆ, ஏ, எ ஆகிய ஆறுதான். மூன்றும் நான்கும் மெய்யில் தொடங்குபவை, அவற்றுக்கு இந்த ஒட்டல் கிடையாது. 'நாற்பத்து மூன்று', 'நாற்பத்து நான்கு' என்று இடைவெளி விட்டுவிடலாம். பேச்சில் 'நாற்பத்தி மூன்று' என்போம், எழுத்தில் 'நாற்பத்து'தான். எடிட்டரில் துணைக்குறியைத் தனியாகத் தட்டச்சு செய்தால் பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம் தெரியும். பயப்பட வேண்டாம், எழுத்தோடு சேர்ந்ததும் வட்டம் மறைந்துவிடும்.

ஆனால் 'ஒ'-வுக்கு உரிய துணைக்குறியில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் சேர்ந்த அந்தக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பைத்தானுக்கு இரண்டும் வேறு, சமமா என்று கேட்டால் இல்லை என்று சொல்லும். "திரையில் சரியாகத்தான் தெரிகிறது, ஆனால் பொருந்தவில்லை" என்று மண்டை குழம்பும்போது இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். யூனிகோட்டேட்டா என்ற மாட்யூலில் நார்மலைஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. என்எஃப்சி வடிவம் கேட்டால் எல்லாவற்றையும் ஒரே குறியீட்டு வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

இப்போது லிஸ்ட்களுக்கு வருவோம். பூஜ்ஜியம் முதல் பத்தொன்பது வரை இருபது சொற்களை அப்படியே எழுதிவிடுங்கள். பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு என்று போகும் வரிசைக்கு விதி தேடிக்கொண்டு உட்காராதீர்கள், பன்னிரண்டும் பத்தொன்பதும் உங்கள் விதியை உடைக்கும். பத்துகளுக்கு இருபது, முப்பது, நாற்பது, ஐம்பது, அறுபது, எழுபது, எண்பது, தொண்ணூறு. நூறுகளுக்கு நூறு, இருநூறு, முந்நூறு, நானூறு, ஐந்நூறு, அறுநூறு, எழுநூறு, எண்ணூறு, தொள்ளாயிரம். 'முன்னூறு', 'ஐநூறு' என்று கைபோன போக்கில் அடித்துவிடுவோம். முந்நூறும் ஐந்நூறும்தான் சரியான எழுத்துமுறை. லிஸ்டில் ஒருமுறை தவறினால் அச்சடிக்கும் ரசீதிலெல்லாம் தவறும்.

ஒன்பதின் குடும்பத்தைப் பாருங்கள். எண்பதுக்கு அடுத்தது 'பது' என்று முடிய வேண்டும், ஆனால் 'நூறு' என்று முடிகிறது. எண்ணூறுக்கு அடுத்தது 'நூறு' என்று முடிய வேண்டும், 'ஆயிரம்' என்று முடிகிறது. தொண்ணூறில் நூறு இல்லை, தொள்ளாயிரத்தில் ஆயிரம் இல்லை, ஆனாலும் பெயரில் அடுத்த படிக்கட்டு உட்கார்ந்திருக்கிறது. தொல்காப்பியத்தின் குற்றியலுகரப் புணரியலே எண்ணுப்பெயர்கள் சேரும்போது நடக்கும் இந்த மாற்றங்களுக்கு நிறைய நூற்பாக்களைச் செலவழித்திருக்கிறது. அங்கேயே தனி விதி எழுதித்தான் ஒன்பதைச் சமாளித்தார்கள். நாம் லிஸ்டில் எழுதிச் சமாளிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நிரல் எழுதுபவர்களுக்கு எல்லாவற்றையும் விதியாக்கும் ஆசை உண்டு. சில இடங்களில் ஒன்பது சொற்கள் கொண்ட லிஸ்ட்தான் நல்ல நிரல்.

எண்ணை எப்படிப் பிரிப்பது? டிவ்மாட் என்ற ஃபங்ஷன் ஈவையும் மீதியையும் ஒரே வீச்சில் தரும். 1547-ஐ 1000-ஆல் வகுத்தால் ஈவு 1, மீதி 547. மீதியை 100-ஆல் வகுத்தால் 5, மீதி 47. அதைப் பத்தால் வகுத்தால் 4, மீதி 7. ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்விதான்: மீதி பூஜ்ஜியமா? பூஜ்ஜியம் என்றால் நிற்கும் வடிவத்தைப் போட்டு நிறுத்திவிடு. இல்லையென்றால் இணையும் வடிவத்தைப் போட்டு, மீதிக்கு அதே ஃபங்ஷனை மறுபடி கூப்பிடு. 'பூஜ்ஜியம்' என்ற சொல் வர வேண்டியது, முழு எண்ணுமே பூஜ்ஜியமாக இருந்தால் மட்டும். இதை மறந்தால் 'இருநூற்று பூஜ்ஜியம்' என்று வந்து நிற்கும்.

ஆயிரத்துக்கு மேலே போனால் நம் ஊர்க் கணக்கு லட்சம், கோடி. வகுக்க வேண்டிய எண்கள் 1,00,00,000, பிறகு 1,00,000, பிறகு 1,000. மேற்கத்திய முறையைப்போல ஒவ்வொரு மூன்று இலக்கத்துக்கும் வெட்டிக்கொண்டு போனால் லட்சம் பிறக்காது. சிங்கப்பூரில் தமிழ்ச் செய்திகளில் மில்லியன்தான் வழக்கம். அங்கே உள்ளவர்களுக்கு எழுதுவதானால் மூன்றுமூன்றாகவே வெட்டுங்கள். இலங்கையிலும் முறையான எழுத்திலும் 'இலட்சம்' என்று எழுதுவார்கள். அப்படி எழுதினால் முன்னால் வரும் 'ஒரு' என்பது 'ஓர்' ஆக வேண்டும்: 'ஓர் இலட்சம்'.

அந்த 'ஒரு'தான் அடுத்த பிரச்சினை. 'ஒன்று லட்சம்' என்று யாரும் சொல்வதில்லை, 'ஒரு லட்சம்'. அதேபோலப் பதினொன்று 'பதினோரு லட்சம்' ஆகும், இருபத்தொன்று 'இருபத்தோரு லட்சம்' ஆகும். மற்ற எண்கள் மாறாது, 'இரண்டு லட்சம்', 'பன்னிரண்டு லட்சம்' அப்படியே. ஆக, பெயரடை வடிவத்துக்கு ஒரு சின்ன ஃபங்ஷன். சொல் 'ஒன்று' என்று தனி உயிரோடு முடிந்தால் 'ஒரு'. உயிர்மெய்க்குள் ஒளிந்த 'ஒன்று' என்றால், அதாவது 'னொன்று', 'தொன்று', 'றொன்று' என்று முடிந்தால், ஒகரம் ஓகாரமாகி 'ரு' வரும். இரண்டு நிலையையும் பார்க்காமல் விட்டால் 101 கோடி 'நூற்று ஒன்று கோடி' என்று வரும். வர வேண்டியது 'நூற்று ஒரு கோடி'.

ஆயிரத்துக்கு முன்னால் மறுபடி ஒட்டல் வேலை. இரண்டு + ஆயிரம் = இரண்டாயிரம். ஒன்று முதல் தொண்ணூற்றொன்பது வரை எல்லா எண்ணுப்பெயரும் உகரத்தில்தான் முடிகின்றன. பத்து, முப்பது, ஏழு, தொண்ணூறு, எதை எடுத்தாலும் சரி. எனவே மேலே எழுதிய அதே ஒட்டும் ஃபங்ஷன் இங்கேயும் ஓடும்: ஏழாயிரம், பத்தாயிரம், தொண்ணூறாயிரம். பெயரடை வடிவத்தைக் கொடுத்தால் 'பதினோரு' + 'ஆயிரம்' = 'பதினோராயிரம்', அதுவும் தானாகவே சரியாக வரும். முதல்முறை இது ஓடியபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. இந்த எண்ணுக்காக நான் ஒரு வரிகூட எழுதவில்லையே.

விதிவிலக்கு தனி ஆயிரம். 1000 என்பது 'ஆயிரம்' மட்டும், முன்னால் எதுவும் வராது. ஆனால் 1,01,000 வந்தால்? 'ஒரு லட்சத்து ஆயிரம்' என்பதைவிட 'ஒரு லட்சத்து ஓராயிரம்' என்பதுதான் என் காதுக்குச் சரியாகப் படுகிறது. முன்னால் லட்சமோ கோடியோ இருந்தால் 'ஓராயிரம்', இல்லையென்றால் 'ஆயிரம்' என்று ஒரு இஃப் போட்டுவிடுங்கள். அப்புறம் 3000, 5000. நம் ஃபங்ஷன் மூன்றாயிரம், ஐந்தாயிரம் என்று தரும். தவறில்லை, ஆனால் மூவாயிரமும் ஐயாயிரமும்தான் எழுத்தில் நன்றாக இருக்கும். ஒரு டிக்‌ஷனரியில் இந்த இரண்டையும் விதிவிலக்காகப் போட்டு, முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கோடிக்கு முன்னால் வரும் எண் 99-ஐத் தாண்டலாம். ஆயிரத்து இருநூறு கோடி, ஒரு லட்சம் கோடி என்று செய்தித்தாளில் தினமும் பார்க்கிறோம். இதற்குத் தனியாக எதுவும் எழுத வேண்டாம். கோடியின் ஈவை அதே முழு ஃபங்ஷனுக்கே அனுப்புங்கள். ஒரு ஃபங்ஷன் தன்னையே கூப்பிடுவதை ரிகர்ஷன் என்று பாடத்தில் படிக்கும்போது ஃபேக்டோரியல் கணக்கு போட்டுக் காட்டுவார்கள். அது ஏன் தேவை என்று அதில் புரியாது. இதில் புரியும்.

கடைசியாக ஒற்று. ஆயிரத்து + தொள்ளாயிரம் என்பது 'ஆயிரத்துத் தொள்ளாயிரம்'. நூற்று + பத்து என்பது 'நூற்றுப் பத்து'. வன்தொடர்க் குற்றியலுகரத்துக்குப் பின்னால் வல்லினம் மிகும். நம்முடைய இணையும் வடிவங்களில் கோடியைத் தவிர மற்ற எல்லாமே 'த்து' அல்லது 'ற்று' என்று முடிவதால், எல்லாமே வன்தொடர்தான். அடுத்து வரக்கூடிய சொற்களில் வல்லினத்தில் தொடங்குபவை எத்தனை என்று பாருங்கள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு, அந்த வரிசை. அப்புறம் தொண்ணூறும் தொள்ளாயிரமும். ப, த இரண்டே எழுத்து. அடுத்த சொல்லின் முதல் குறியீடு இவற்றில் ஒன்றாக இருந்தால், அந்த எழுத்தையும் ஒரு புள்ளியையும் முன்சொல்லின் கடைசியில் ஒட்டிவிடு. ஒற்றுப்பிழை இல்லாத கணினி ரசீதைப் பார்ப்பதே அரிது. இரண்டு வரியில் அதைச் செய்ய முடியும்போது ஏன் விட வேண்டும்?

'நூற்று அறுபது' என்பதை 'நூற்றறுபது' என்றும் சேர்த்து எழுதலாம்தான். நான் பத்துகளுக்குள்ளும் ஆயிரத்தின் முன்னாலும் மட்டும் ஒட்டி, மற்ற இடங்களில் இடைவெளி விடுகிறேன். எல்லாவற்றையும் ஒட்டினால் 'ஆயிரத்தைந்நூற்றெண்பத்தெட்டு' என்று மூச்சு முட்டும்.

ரசீது என்பதால் காசு விஷயமும் உண்டு. பைசாவோடு தொகையை ஃப்ளோட்டாக, அதாவது புள்ளி வைத்த எண்ணாக, வைக்காதீர்கள். 19.99-ஐ 100-ஆல் பெருக்கினால் 1999 கிடைக்கும் என்று நினைப்போம். பைத்தான் 1998.9999999999998 என்று தரும். அதை இன்டிஜராக்கினால் 1998, ஒரு பைசா காணாமல் போயிற்று. நாம் எழுதும் பதின்மப் பின்னத்தைக் கணினி இரும எண்ணாக வைப்பதால் நேர்வது இது, பைத்தானின் தவறு இல்லை. தொகையை முழுக்கப் பைசாவிலேயே இன்டிஜராக வைத்துக்கொண்டு, அச்சடிக்கும்போது மட்டும் 100-ஆல் டிவ்மாட் செய்யுங்கள். அல்லது டெசிமல் மாட்யூலைப் பயன்படுத்துங்கள், ஆனால் அதற்கு எண்ணை ஸ்ட்ரிங்காகத்தான் கொடுக்க வேண்டும். ஃப்ளோட்டைக் கொடுத்தால் அந்தத் தவறும் கூடவே உள்ளே போய்விடும்.

கழித்தல் எண்ணும் வரலாம், பாக்கித் தொகை மாதிரி. -1547-ஐ 1000-ஆல் டிவ்மாட் செய்தால் ஈவு -2, மீதி 453 என்று வரும். பைத்தான் எப்போதும் கீழ்நோக்கியே ஈவை எடுக்கும், கணக்குப்படி அது சரிதான். நமக்கு உதவாது. முதலிலேயே குறியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தைச் சொல்லாக்குங்கள்.

இலக்கத்தில் காட்டும் இடத்தில் காற்புள்ளிகள் 12,34,567 என்று விழ வேண்டும். எஃப்-ஸ்ட்ரிங்கில் காற்புள்ளி கேட்டால் 1,234,567 என்றுதான் வரும். கடைசி மூன்று இலக்கத்தை வெட்டி வைத்துக்கொண்டு, மிச்சத்தை வலமிருந்து இரண்டிரண்டாக வெட்டி ஒட்டுங்கள். பத்து நிமிட வேலை.

தமிழ் இலக்கங்களும் வேண்டும் என்றால் அது இன்னும் எளிது, பத்து எழுத்தைப் பத்து எழுத்தால் மாற்றினால் போதும். ஒரு சுவையான விஷயம்: '௧௫௪௭' என்ற ஸ்ட்ரிங்கை இன்ட் ஃபங்ஷனிடம் கொடுங்கள், 1547 என்று சரியாகப் புரிந்துகொள்ளும். ஆனால் பழைய முறையில் '௲௫௱௪௰௭' என்று கொடுத்தால் எரர். அதில் ௲, ௱, ௰ என்பவை ஆயிரம், நூறு, பத்து என்ற பெயர்கள், இட மதிப்பு இலக்கங்கள் அல்ல. உற்றுப் பார்த்தால் அந்தப் பழைய எழுத்துமுறை நாம் இப்போது எழுதும் ஃபங்ஷனின் பாதி வழிதான்: ஆயிரம், ஐந்து நூறு, நான்கு பத்து, ஏழு.

பெரிய எண்களை வைத்து விளையாடிப் பார்ப்பீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 4300 இலக்கத்துக்கு மேல் உள்ள இன்டிஜரை ஸ்ட்ரிங்காக்கச் சொன்னால் இப்போதைய பைத்தான் வேல்யூ எரர் காட்டும். 2022-இல் பாதுகாப்புக்காகப் போட்ட வரம்பு அது. இலக்கங்கள் கூடக்கூட இந்த மாற்றத்துக்கு ஆகும் நேரம் அதைவிட வேகமாகக் கூடும். அதை வைத்தே ஒரு சர்வரைத் திணறடிக்க முடியும் என்பதால் வைத்தார்கள். சாதாரணமாகத் தெரியும் வேலைக்குள்ளும் இவ்வளவு இருக்கிறது.

அவசரம், பயிற்சியெல்லாம் வேண்டாம் என்றால் ஓப்பன்-தமிழ் என்ற இலவசத் தொகுப்பு இருக்கிறது. தமிழிலேயே நிரல் எழுதும் 'எழில்' மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை தொடங்கிய திட்டம் அது. அதில் எண்ணைத் தமிழ்ச் சொல்லாக்கும் ஃபங்ஷன், லட்சம்–கோடி முறைக்கு ஒன்றும் மில்லியன் முறைக்கு ஒன்றுமாக இருக்கிறது. ஆனாலும் நீங்களாக ஒருமுறை எழுதிவிட்டு, பிறகு அந்தத் தொகுப்பு தரும் விடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபடும் இடத்தில் எது சரி என்று உங்களுக்கே சொல்லத் தெரியும்.

விண்டோஸின் கறுப்புத் திரையில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் நிரலைச் சந்தேகிக்க வேண்டாம், யூடிஎஃப்-8 கோப்பில் எழுதி, திறந்து பாருங்கள். ரசீதில் கடைசியில் 'ரூபாய் மட்டும்' என்று சேர்க்க மறக்காதீர்கள், பின்னால் யாரும் எதையும் ஒட்டிவிடாமல் இருக்க.

சோதிக்க 1 முதல் 999 வரை எல்லாவற்றையும் ஒரு கோப்பில் அடித்து, சத்தமாகப் படியுங்கள். கண் விட்டதை நாக்கு பிடிக்கும். அது தேறினால் 11,000, 21,000, 1,01,000, 101 கோடி. பிறகு 99,99,999 கொடுங்கள். 'தொண்ணூற்றொன்பது லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது' என்று மூன்று இடத்திலும் ஒற்று விழ வேண்டும். கடைசியாக 9,09,909. இதில் 'ஒன்பது லட்சத்து ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பது' என்று ஒற்று ஒரே ஒரு இடத்தில்தான் விழ வேண்டும். வேறு மாதிரி வந்தால், வந்ததை அப்படியே எழுதி அனுப்புங்கள், எந்த வரியில் தவறு என்று பார்த்துச் சொல்கிறேன்.